பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை முழுவதும் ஈரானுக்குச் சொந்தமா?

இல்லை. வடகரைதான் ஈரான். தென்கரையில் நீண்டிருக்கும் முசந்தம் முனை ஓமானுடையது; ஆனால் ஓமானின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல் நடுவே ஐக்கிய அரபு அமீரகம் கிடக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் நீரிணையின் அகலம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. இரு நாடுகளும் தலா 12 கடல்மைல் (சுமார் 22 கிலோமீட்டர்) உரிமை கொண்டாடுவதால் அங்கே பொதுக்கடல் மிஞ்சவில்லை. கப்பல்களுக்கு வகுத்த வழக்கமான தடங்கள் முசந்தம் அருகே ஓமான் கடற்பரப்பில்தான் உள்ளன. பலரும் கவனிக்காதது இதைத்தான்.

வளைகுடாவுக்குள் நுழைந்ததும் நிலைமை வேறு. அபு மூசா, பெரிய துன்ப், சிறிய துன்ப் தீவுகளில் 1971 நவம்பர் 30 அன்று, பிரிட்டன் வளைகுடாவை விட்டு வெளியேறும் தறுவாயில், ஈரான் படை இறங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து உருவான அமீரகம் இன்றுவரை அவற்றைத் தன்னுடையவை என்கிறது. இவற்றை வெறும் பாறைகள் என்று ஒதுக்குவது தவறு. எண்ணெய்க் கப்பல்கள் இவற்றின் அருகேதான் போக வேண்டும். நீரிணையைத் தொடாமலே எண்ணெயை வெளியே அனுப்பத்தான் அபுதாபி, நீரிணைக்கு வெளியே உள்ள ஃபுஜைரா துறைமுகம் வரை குழாய் பதித்து, 2012-இல் இயக்கத் தொடங்கியது.