சீக்ரெட் கார்டன் இசை இரட்டையரைப் பற்றிச் சொல்ல முடியுமா? அவர்கள் இசையில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் கேட்டபோது இவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. 2004 வாக்கில் மதுரை டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் எம்பி3 சிடிக்கள் குவித்து வைத்து விற்பார்கள். ஒரு சிடியில் நூறு பாட்டுக்கு மேல் இருக்கும். 'இன்ஸ்ட்ருமென்டல்' என்று அச்சடித்த ஒன்றை வாங்கி வந்தேன். முக்கால்வாசி நம் சினிமாப் பாட்டுகளைக் கீபோர்டில் வாசித்தவை. நடுவில் பெயரில்லாமல் வெறும் டிராக் நம்பரோடு ஒன்று வந்தது. பியானோ தயங்கித் தயங்கித் தொடங்கும், வயலின் வந்து சேரும், மூன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த வருடப் பரீட்சைக்கு அதைக் கேட்டுக்கொண்டேதான் படித்தேன். அதன் பெயர் 'சாங் ஃப்ரம் எ சீக்ரெட் கார்டன்' என்று ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆயிற்று.

அப்போது வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சாரிடம் வயலின் கற்றுக்கொண்டிருந்தேன். வர்ணங்கள் முடிந்து கீர்த்தனைக்கு வந்திருந்த நேரம். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் இந்த இசையை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார். "இது வாசிக்கிறவங்க போட்ட மெட்டு இல்லம்மா, பாட்டு போடுறவங்க போட்டது. சாகித்யத்தை, அதான் பாட்டு வரியை, எடுத்துட்டு மெட்டை மட்டும் வெச்சிருக்காங்க" என்றார். இவர்கள் யார், எந்த நாடு என்று அவருக்கு ஒன்றுமே தெரியாது. பின்னால் நான் தேடிப் படித்ததெல்லாம் அவர் அன்று சொன்னதில்தான் வந்து நின்றது.

சரி, இவர்கள் யார்? ரோல்ஃப் லோவ்லாண்ட் நார்வேக்காரர், 1955ல் பிறந்தவர், இசையமைப்பாளர், பியானோ வாசிப்பவர். ஃபினூலா ஷெர்ரி அயர்லாந்தைச் சேர்ந்த வயலின் கலைஞர். லோவ்லாண்ட் அடிப்படையில் பாட்டு போடுகிறவர்தான். ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் 1956 முதல் நடத்திவரும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நார்வே முதல்முறை ஜெயித்தது 1985ல். துள்ளலான அந்தப் பாட்டு இவர் போட்டது. ஷெர்ரி டப்ளினில், அயர்லாந்தின் ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇயின் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவில் பத்து வருடம் வாசித்தவர். 1994 யூரோவிஷன் டப்ளினில் நடந்தபோது இருவரும் சந்தித்தார்கள்.

மறு வருடமே, 1995 மே 13ஆம் தேதி, அதே டப்ளினில் இருவரும் சேர்ந்து 'நாக்டர்ன்' என்ற படைப்போடு நார்வே சார்பில் மேடை ஏறினார்கள். அது பாட்டுப் போட்டி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பாடியே ஆகவேண்டும். 'நாக்டர்ன்' முழுவதிலும் பாடப்பட்ட சொற்கள் 24தான். ஆரம்பத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம். நடுவில் உள்ள அத்தனையும் வயலின், கூடவே சிறு குழலும், சாவிக்கட்டைகள் வைத்த ஸ்வீடன் நாட்டு வில் வாத்தியம் ஒன்றும். போட்டியில் ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கிடையாது. அதில் பெரும்பகுதியை வாய்ப்பாட்டே இல்லாமல் விட்டுவிட ஒரு துணிச்சல் வேண்டும். 148 புள்ளிகள் பெற்று முதலிடம் வந்தார்கள்.

நாக்டர்ன் என்றால் இரவுக்கான இசை. பியானோவில் அந்த வடிவத்தைத் தொடங்கி வைத்தவர் ஜான் ஃபீல்ட், டப்ளினில் பிறந்தவர். போலந்து இசையமைப்பாளர் ஷோபான் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது அதற்குப் பிறகுதான். ஒரு டப்ளின்காரர் பெயர் வைத்த வடிவம், நார்வேக்காரர் ஒருவரின் மெட்டாக, ஐரிஷ் பெண்ணின் வயலினில் டப்ளினிலேயே ஜெயித்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு மீனாட்சி அம்மன் கோவில் பள்ளியறை பூஜைதான் ஞாபகம் வந்தது. சொக்கநாதரைப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு அழைத்துப்போகும் அந்த நேரத்து நாதஸ்வரத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். பகலில் வாசிப்பதுபோல் அதில் அவசரம் இருக்காது. ஊரை உறங்கவைக்க ஒரு இசை வேண்டும் என்று தூங்கா நகரமான நம் ஊரும் நினைத்திருக்கிறது.

யூரோவிஷன் வெற்றியை ஒட்டி வந்த அவர்களது முதல் ஆல்பம்தான் 'சாங்ஸ் ஃப்ரம் எ சீக்ரெட் கார்டன்'. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகையில் நியூ ஏஜ் இசைக்கென்று ஒரு தனிப்பட்டியல் உண்டு. அதில் 1996, 97 இரண்டு வருடமும் அந்த ஆல்பம் இருந்தது. 1997ல் 'ஒயிட் ஸ்டோன்ஸ்', 1999ல் 'டான் ஆஃப் எ நியூ செஞ்சுரி', பிறகு 'ஒன்ஸ் இன் எ ரெட் மூன்', 2005ல் 'எர்த்சாங்ஸ்', 2011ல் 'வின்டர் போயம்', 2019ல் 'ஸ்டோரிடெல்லர்' என்று நிதானமாக வந்துகொண்டே இருந்தார்கள். நியூ ஏஜ் என்பது கடைக்காரர்கள் அலமாரி பிரிப்பதற்கு வைத்த பெயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தியானத்துக்கான இசையும் அதில்தான், அருவிச் சத்தத்தைப் பதிவுசெய்ததும் அதில்தான், இவர்களும் அதில்தான். இவர்களுடையதில் நார்வே, அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகளின் வாசனையும் மேற்கத்திய சாஸ்திரிய இசையின் வாத்திய அமைப்பும் கலந்திருக்கும். நல்ல சினிமாப் பாட்டின் சுருக்கமும் இருக்கும்.

இனி அவர்கள் ஒலிக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

சார் சொன்ன பிறகு அந்த மெட்டை நானே வாசித்துப் பார்த்தேன். ஸ்வரங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மேற்கத்தியர்கள் மைனர் என்று சொல்லும் ஸ்வர வரிசை நம் நடபைரவி ராகத்துக்குப் பொருந்தும், அதில் நிஷாதத்தை மட்டும் அரை ஸ்வரம் உயர்த்தினால் கீரவாணி. அந்தக் காதோடு கேட்டு அரை மணி நேரத்தில் மெட்டைப் பிடித்துவிட்டேன். ஆனால் வாசித்தால் அது அதுவாக இல்லை. என் கை பழக்கதோஷத்தில் காந்தாரத்தை அசைத்தது, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இழுத்தது. நம் கமகத்தில் ஸ்வரம் பக்கத்து ஸ்வரம் வரை போய்த் தொட்டுவிட்டு வரும். அதில்தான் ராகத்துக்கு உயிர். ஷெர்ரியின் விரலிலும் நடுக்கம் இருக்கிறது, ஆனால் ஸ்வரம் தன் இடத்தைவிட்டுப் போகாமல் அங்கேயே சிலிர்க்கும். அவ்வளவுதான். மீதி வேலை எல்லாம் வில்லில் நடக்கிறது. ஒரே இழுப்பில் மெல்லத் தொடங்கி, நடுவில் அழுத்தம் கூட்டி, முடிவில் மூச்சு விடுவதுபோல் விடுகிறார். சார் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கையை ஆட்டாதே, வில்லை மட்டும் இழு" என்றார். ஒரு மாதம் அதையே செய்தேன். அந்த ஒரு மாதத்தில் என் வில்பிடி மாறியது என் கீர்த்தனை வாசிப்புக்கும் நல்லதாக அமைந்தது.

இன்னொரு விஷயம் பியானோ. நம் கச்சேரியில் தம்புரா சட்ஜ பஞ்சமத்தை மாறாமல் சொல்லிக்கொண்டிருக்கும். வாசிக்கிற ஸ்வரம் அந்த நிலையான தரைமேல் நடக்கிறது. இவர்களிடம் தரையே நகர்கிறது. ஷெர்ரி ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது கீழே லோவ்லாண்டின் பியானோவில் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறும். வயலின் மாறவே இல்லை, ஆனால் அதே ஸ்வரம் முதலில் ஏக்கமாகக் கேட்டது இப்போது ஆறுதலாகக் கேட்கும். எங்கே என்ன நடந்தது என்று புரியாமல் தொண்டை அடைத்துக்கொள்ளும். நான் தனியாக வயலினில் வாசித்தபோது பாதி அழகு காணாமல் போனதற்கு இதுதான் காரணம். இது இருவர் சேர்ந்து செய்கிற வேலை.

இரட்டையர் என்றதும் மதுரைக்காரர்களுக்கு சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1968ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஒலித்த நாதஸ்வரம் அவர்களுடையது. அங்கே இருவர் கையிலும் ஒரே வாத்தியம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார், சேர்ந்து வாசிக்கும்போது ஒரே மூச்சு மாதிரி இருக்கும். லோவ்லாண்டும் ஷெர்ரியும் வேறு வகை. அவர் எழுதுகிறார், பின்னால் உட்கார்ந்து பியானோவில் தாங்குகிறார். இவர் முன்னால் நின்று பேசுகிறார். ஆனாலும் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்ததால்தான் எனக்கு இவர்களிடம் ஒன்று புரிந்தது. நம் ஊரில் வாத்தியத்தில் கீர்த்தனை வாசித்தால் கேட்பவர்கள் காதுக்குள் சாகித்யம் ஓடிக்கொண்டிருக்கும். சாகித்யம் தெரியாமல் வாசிக்காதே என்று அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். சொல் முதலில், வாத்தியம் பிறகு. சீக்ரெட் கார்டனில் இது அப்படியே தலைகீழ். சொல் இல்லாமல் மெட்டு வருகிறது, கேட்டவர்களால் சும்மா இருக்க முடியாமல் அவர்களாகவே சொல் வைக்கிறார்கள்.

முதல் ஆல்பத்தில் 'ஹார்ட்ஸ்ட்ரிங்ஸ்' என்று ஒரு மெட்டு. அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1998ல் நடந்த தன் திருமணத்தில் அதைப் பயன்படுத்தினார். அடுத்த வருடம் சொற்கள் சேர்த்துப் பாட்டாகவே பதிவுசெய்தார். அதே ஆல்பத்தில் 'செரனேட் டு ஸ்பிரிங்' என்று இன்னொன்று, வசந்த காலத்துக்கான மெட்டு. தென் கொரியாவில் அதற்குக் கொரிய மொழியில் வரிகள் எழுதி, அழகான ஓர் அக்டோபர் நாளைப் பற்றிய பாட்டாக்கிவிட்டார்கள். அங்கே கல்யாண வீடுகளில் பாடுகிறார்கள். வசந்தத்துக்குப் போட்ட மெட்டு இலையுதிர் காலத்துக்கும் பொருந்துகிறது என்றால், அந்த மெட்டுக்குள் லோவ்லாண்ட் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

இவர்கள் பெயரே தெரியாதவர்களுக்கும் தெரிந்த பாட்டு 'யூ ரெய்ஸ் மி அப்'. அதுவும் முதலில் சொல் இல்லாத மெட்டுதான், 'சைலன்ட் ஸ்டோரி' என்பது அப்போது அதன் பெயர். அயர்லாந்து எழுத்தாளர் பிரெண்டன் கிரஹாமின் நாவலைப் படித்துவிட்டு லோவ்லாண்ட் அவரைத் தேடிப் போய் வரிகள் எழுதித்தரக் கேட்டார். முதன்முதலில் அது ஒலித்தது லோவ்லாண்டின் தாயாரின் இறுதிச் சடங்கில். பிறகு 'ஒன்ஸ் இன் எ ரெட் மூன்' ஆல்பத்தில் பிரையன் கென்னடி பாடினார். 2003ல் ஜோஷ் குரோபனும் 2005ல் வெஸ்ட்லைஃப் குழுவும் பாடி உலகம் முழுக்கப் போனது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். அயர்லாந்தின் பழைய 'லண்டன்டெரி ஏர்' மெட்டின் சாயல் அதில் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் கேட்கிறது. அதை நான் குறையாக நினைக்கவில்லை. மண்ணில் இருந்த மெட்டின் சாயலை எடுத்துப் புதிதாக ஒன்று செய்வது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

இது ஹோட்டல் லிஃப்டில் போடுகிற இசை, ஆழம் கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. கச்சேரிக்குப் போகிற என் நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எளிமையாக ஒரு மெட்டைப் போடுவது எவ்வளவு கடினம் என்பது தாலாட்டைக் கேட்டாலே தெரியும். ஆனால் பிற்பாடு வந்த சில ஆல்பங்களில் கூட்டுக்குரல்களும் வயலின் கூட்டமும் ஏறி, முதலில் இருந்த அந்த வெற்றிடம் அடைபட்டுப்போனது உண்மை. அந்த வகையில் 'டான் ஆஃப் எ நியூ செஞ்சுரி' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

புதிதாகக் கேட்கப்போகிறீர்கள் என்றால் முதல் ஆல்பத்தைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்காமல் உட்காருங்கள். 'நாக்டர்ன்', 'அடாஜியோ', அப்புறம் நான் சொன்ன அந்த மூன்றரை நிமிடம். இயர்போன் இருந்தால் இடது கை பியானோவை மட்டும் ஒருமுறை தனியாகக் கவனியுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கேட்பது இன்னும் நல்லது. எங்கள் தெருவில் சித்திரைத் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி அடங்க நள்ளிரவு தாண்டிவிடும், அப்போது மொட்டைமாடியில் பாய் போட்டுக் கேட்டிருக்கிறேன். தூரத்தில் மிச்சமிருக்கும் கொட்டுச் சத்தம்கூட அதற்குக் கெடுதல் செய்ததில்லை.

என் அம்மாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. நான் பரீட்சைக்குப் படித்தபோது பக்கத்து அறையில் இருந்து கேட்டுக் கேட்டு மெட்டு மட்டும் மனதில் தங்கிவிட்டது. இப்போது என் மகளைத் தோளில் போட்டுத் தட்டும்போது 'ஆராரோ ஆரிரரோ' என்று அதே மெட்டில்தான் பாடுகிறார். நடுநடுவே குழந்தையின் பெயர், அத்தை பெயர், மாமன் பெயர் எல்லாம் வரும். மெட்டு மேலே ஏறும் இரண்டாம் பாதிக்கு அம்மா இதுவரை போனதில்லை. அதற்குள் பாப்பா தூங்கியிருக்கும்.