குத்தகை முடிந்தும் எரிவாயுக் கிணறு போகவில்லை: நிலத்தை மீட்க வழக்குப் போடலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நஞ்சையை 2006-ல் அப்பா ஒரு எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார். 15 வருடத்துக்குப் பதிவு செய்த பத்திரம். 2021 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அப்பா 2019-ல் காலமானார். நிறுவனம் காலி செய்யவில்லை, இன்றும் எரிவாயு எடுக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள், தரவில்லை. போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. டெல்டாவை வேளாண் மண்டலமாக அறிவித்த பிறகும் எப்படி எடுக்கிறார்கள்? கோடிக்கணக்கில் எங்கள் மண்ணிலிருந்து போகிறது, எங்களுக்குப் பங்கே இல்லை. ஏப்ரல் மாதம் ஏதோ ஒரு தொகை அண்ணன் கணக்கில் போடுகிறார்கள். எனக்கும் அக்காவுக்கும் அவர் கண்ணில் காட்டுவதில்லை. நிலத்தை மீட்டு, எரிவாயுவில் பங்கும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: ஏப்ரலில் அண்ணன் கணக்கில் விழும் பணம். அதைக் குடும்பக் குறையாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நிறுவனத்தின் வக்கீல் அதைத்தான் முதல் ஆவணமாகக் காட்டுவார்.

மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நிலத்தடிக் கனிமம் பொதுவாக நில உரிமையாளரையே சேரும் என்று 2013-ல் மலபார் நிலங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதை வைத்துக்கொண்டு பங்கு கேட்கக் கிளம்பாதீர்கள். எண்ணெயும் எரிவாயுவும் 1948-ஆம் ஆண்டு எண்ணெய் வயல்கள் சட்டத்தின் கீழ் வருபவை. அரசு உரிமம் இல்லாமல் யாரும் எடுக்க முடியாது. ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. உங்கள் அப்பா கொடுத்தது மேல்மண்ணை மட்டும். 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத்தான் தடுக்கிறது, அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. வேலை தருவதாகச் சொன்னது பத்திரத்தில் இல்லையென்றால் அதை மறந்துவிடுங்கள். உப்புத் தண்ணீருக்குப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. இழப்பீடு கேட்க ஐந்து வருடக் கெடு உண்டு, ஆய்வக அறிக்கை இல்லாமல் அங்கே போகாதீர்கள். இந்த வழக்கோடு அதைக் கலக்கவும் வேண்டாம்.

இனி அந்தப் பணம். காலம் முடிந்ததும் குத்தகை தானாகவே முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் குத்தகைதாரர் உட்கார்ந்திருக்க, நிலத்துக்காரர் குத்தகைத் தொகையை வாங்கிக்கொண்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 116-ஆம் பிரிவின்படி அந்தக் குத்தகை வருடத்துக்கு வருடமோ மாதத்துக்கு மாதமோ புதுப்பிக்கப்பட்டதாக ஆகிவிடும். பணம் வாங்கியது மட்டும் சம்மதம் ஆகாது என்று நாம் வாதாடலாம். ஆனால் அண்ணனிடம் அவர்கள் என்ன எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? இப்படிப்பட்ட ரசீதுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, ‘மேற்படி ஆண்டுக்கான குத்தகைத் தொகையை முழுவதுமாகப் பெற்றுக்கொண்டேன், வேறு பாக்கி ஏதுமில்லை’ என்று அச்சடித்தே வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போடுபவர் தொகையைப் பார்ப்பார், வாசகத்தைப் பார்ப்பதில்லை. பாஸ்புக்கிலும் ‘லீஸ் ரென்ட்’ என்றுதான் விழுந்திருக்கும். கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரர் அப்படி வாங்கியிருந்தால், ‘மற்றவர்களுக்குத் தெரியாது’ என்ற பதில் நீதிமன்றத்தில் அவ்வளவாக எடுபடாது.

நான் பார்த்த கட்சிக்காரர்கள் விழும் பெரிய குழி இன்னொன்று. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவார்கள். நோட்டீஸ் கெடு முடியும். அடுத்த ஏப்ரலில் வழக்கம்போல் பணம் வரும். ‘வருகிற பணத்தை ஏன் விட வேண்டும்’ என்று எடுத்துச் செலவு செய்துவிடுவார்கள். கெடு முடிந்த பிறகு குத்தகை வாங்கினால் நோட்டீஸையே கைவிட்டதாக எடுத்துக்கொள்ள அதே சட்டத்தின் 113-ஆம் பிரிவு இடம் தருகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குள் இன்னும் ஒரு சம்பா போயிருக்கும்.

ஆகவே மூன்று வாரிசுகளும் கையெழுத்திட்டு ஒரே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். குத்தகை 2021 மார்ச்சில் முடிந்தது, தொடரச் சம்மதிக்கவில்லை, இனி வரும் தொகை எதுவும் எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி நிலத்தை அனுபவித்ததற்கான இழப்பீடாக மட்டுமே வரவு வைக்கப்படும் என்று அதில் இருக்கட்டும். வருடக் குத்தகை என்று அவர்கள் வாதாடினால் ஆறு மாத அவகாசம் தேவைப்படும். அந்த அவகாசத்தையும் அதே நோட்டீஸில் மாற்றாகக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணன் கையெழுத்துப் போடமாட்டாரே என்பீர்கள். வழக்கு தோற்பது அங்கேதான். மற்றப் பங்குதாரர்கள் எதிர்க்காதவரை ஒருவரே காலி செய்யச் சொல்லி வழக்குத் தொடரலாம். அவரே நிறுவனத்தின் பக்கம் சாட்சிக் கூண்டில் ஏறினால் கதை வேறு. எனவே முதலில் அவரோடு சமாதானம். இதுவரை வாங்கிய பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கசக்கும், தெரியும். அந்தப் பணத்துக்காக அண்ணன் மீது வழக்குப் போட்டால் பழைய வருடங்களின் பணத்தை வழக்குப் போடுவதற்கான காலக்கெடு தின்றுவிடும். மிச்சத்துக்காக ஆறு மாவையும் பணயம் வைப்பீர்கள். அக்காவின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பத்திரமும் வேண்டாம், அவருக்கும் சமபங்கு உண்டு.

வழக்கில் ஜெயித்தே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தியில் இருக்கும் கிணற்றைப் பூட்டிச் சாவியை உங்கள் கையில் கொடுக்க எந்த நீதிபதியும் அவசரப்பட மாட்டார். மேல்முறையீடு, தடையாணை என்று போகும். நடுவில் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் நிலத்தையே எடுத்துத் தரும்படி நிறுவனம் அரசிடம் கேட்கலாம். தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்க்க வேண்டும் என்ற ஷரத்து பத்திரத்தில் இருந்தால் நீதிமன்றம் உங்களை அந்த நடுவரிடம் அனுப்பிவிடும். (நிறுவனத்தின் அதிகாரியே நடுவராக உட்காரும் பழைய பழக்கம் 2015 திருத்தத்துக்குப் பிறகு செல்லாது. அவர்கள் கேட்டாலும் அதற்குச் சம்மதம் எழுதிக் கொடுக்காதீர்கள்.) ஆகவே என் யோசனை, பேசித் தீருங்கள். நோட்டீஸ் பேச்சுக்கு ஒரு பிடி, அவ்வளவே.

பேச்சில் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். வருடக் குத்தகையை இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று சொல்லி, உள்ளே ஒரு வரி நுழைப்பார்கள்: காலம் முடிந்ததும் நிலத்தை ‘உள்ளது உள்ளபடி’ திரும்பப் பெற்றுக்கொள்வோம். அந்த வரியில் கையெழுத்திட்டவர்களின் நிலத்தைப் போய்ப் பாருங்கள். வண்டலுக்கு மேல் கிராவலும் ஜல்லியும் இறுகிக் கிடக்கும், நடுவில் கான்கிரீட் குழி, ஓரத்தில் கிணறு துளையிட்டபோது வந்த சேற்றைக் கொட்டிய குட்டை. லாரி போக வாய்க்காலில் போட்ட குழாய் தூர்ந்து, கீழ்மடைக்குத் தண்ணீர் ஏறாது. பட்டாவில் மட்டும் நஞ்சை என்றிருக்கும்.

வாங்கிய நிலையில் திருப்பித் தருவது குத்தகைதாரரின் கடமை என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரைக்கும்தான். எனவே கிராவலை அள்ளி மேல்மண் நிரப்புவது, கான்கிரீட்டை உடைத்து அகற்றுவது, குட்டையைச் சுத்தம் செய்வது, வாய்க்கால் மட்டத்தைப் பழையபடி ஆக்குவது, முடிக்கும் தேதி, முடிக்கும்வரை ஓடும் வருடத் தொகை எல்லாம் எழுத்தில் வரட்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மூடிய கிணறு மண்ணை விட்டுப் போவதில்லை. சிமென்ட் அடைத்து, குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி மூடிவிடுவார்கள். அந்த இடத்தில் நீங்கள் போர் போட முடியாது, வீடும் கட்ட முடியாது. அந்த இடத்தை சர்வேயரை வைத்துப் புல வரைபடத்தில் குறித்து, அதற்குத் தனி விலை கேளுங்கள்.

நோட்டீஸுக்கு முன் ஒரு வேலை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் எடுங்கள். அதில் நிறுவனத்துக்குப் புதுப்பிக்கும் உரிமை தரப்பட்டிருந்து, 2021 மார்ச்சுக்கு முன்பே அண்ணனுக்கு அவர்கள் கடிதம் எழுதியிருந்தால், நான் மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். அந்தக் கடிதம் அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு வக்கீலிடம் போங்கள்.