26 மாதமாகியும் பருவத்துக்கு வராத கிடேரி: ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: எங்கள் கலப்பினக் கிடேரிக்கு 26 மாதம் ஆகிறது. ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. வைக்கோலும் கொஞ்சம் தவிடும் கொடுத்து, நாள் முழுவதும் கொட்டகையிலேயே கட்டி வைத்திருக்கிறோம். மார்புச் சுற்றளவு 52 அங்குலம், உடல் நீளம் 46 அங்குலம். தாய்ப்பசு சுமார் 380 கிலோ இருக்கும். ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அளவுகளைக் குறித்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. காரணம் அதிலேயே தெரிகிறது. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். உங்கள் கிடேரி சுமார் 188 கிலோ. வளர்ந்த மாட்டின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை எட்டும்போதுதான் கிடேரி பருவத்துக்கு வரும். தாயின் எடையை வைத்துப் பார்த்தால் 228 கிலோ வேண்டும். இன்னும் 40 கிலோ குறைகிறது.

பருவம் கருப்பையில் தொடங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது தொடங்குவது மூளையில். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து, கருமுட்டை உருவாகும் கருவகத்தை வேலை செய்ய வைக்கின்றன. உடலில் கொழுப்பு போதிய அளவு சேர்ந்தால் அதிலிருந்து லெப்டின் என்னும் ஹார்மோன் சுரந்து, சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும். மெலிந்த கிடேரியில் அந்தச் செய்தி வலுவாகப் போய்ச் சேராததால், மூளை தூண்டுதலை அடக்கியே வைத்திருக்கும். இந்த நரம்பு அமைப்பு முதிர்வதில் 4 முதல் 9 மாதம் வரையான கன்றுப் பருவத் தீவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பால் மறந்த கன்றுதானே என்று வெறும் வைக்கோலில் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம். அடுத்த கன்றுக்காவது அந்த மாதங்களில் குறை வைக்காதீர்கள்.

இப்போதைக்குப் பசுந்தீவனத்தைக் கூட்டுங்கள். 16 முதல் 18 சதவீதம் புரதமுள்ள அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, தினமும் 2 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் மிகுந்துவிடும். தாது உப்புக் கலவையும் தவறாமல் தினமும் சேருங்கள். சாண மாதிரியைப் பரிசோதித்துக் குடற்புழு நீக்குங்கள். நாளுக்கு 500 கிராம் ஏறினால் 80 நாளில் அந்த 40 கிலோ வந்துவிடும். அதற்காகக் கொழுக்கவும் விடாதீர்கள்; மிகையான கொழுப்பும் சினைபிடிப்பைக் கெடுக்கும்.

கட்டியே வைத்திருப்பதையும் மாற்றியாக வேண்டும். காலையும் மாலையும் மற்ற மாடுகளோடு அவிழ்த்துவிடுங்கள். தசையும் குளம்பும் உறுதிப்படும் என்பதோடு, பருவ அறிகுறிகளும் கண்ணில் படும். பருவம் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரந்தான் நீடிக்கும். தனியே கட்டிக்கிடக்கும் கிடேரி பருவத்துக்கு வந்து போனதே தெரியாமல் போகலாம். மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்கிறதா, கண்ணாடி போன்ற கோழை ஒழுகி வாலில் காய்ந்திருக்கிறதா என்று விடியற்காலையிலும் அந்தியிலும் பாருங்கள். ஆனால் மெலிந்த மாட்டை வெகுதூரம் நடத்தாதீர்கள். தின்றதெல்லாம் நடையிலேயே கரைந்துவிடும்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் போடப்படும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி, ஏற்கனவே பருவச் சுழற்சி தொடங்கிய மாட்டில்தான் பலன் தரும். சுழற்சியே தொடங்காத கிடேரியில் ஒன்றும் நடக்காது. அறியாமல் சினையாகியிருந்தாலோ, கரு கலைந்துவிடும்! புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனை வெளியிடும் சாதனத்தைப் பிறப்புறுப்பினுள் சில நாட்கள் வைத்துப் பருவத்தைத் தூண்டும் முறையும் இருக்கிறது. எடை எல்லையை நெருங்கிய கிடேரிக்கு அது நன்றாகவே உதவும். 188 கிலோவில் பலனை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். இது ஒரு காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா? அப்படியானால் கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்து, ஆண் கன்றின் ஹார்மோன் இதன் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைத் தடுத்திருக்கும். அத்தகைய கிடேரிகளில் பத்தில் ஒன்பது மலடு. செலவு செய்வதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரட்டைப் பிறப்பு இல்லையென்றால், 15 நாளுக்கு ஒருமுறை அளவெடுத்து எழுதி வாருங்கள். 228 கிலோவைத் தாண்டி இரண்டு மாதமாகியும் அறிகுறி இல்லையென்றால், கருவகத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஊசி வேண்டுமா, எந்த ஊசி என்பதை மருத்துவர் அப்போது முடிவு செய்யட்டும்.