டிரிப்ஸ் ஏறும்போது மேமோகிராம் பற்றி ஏன் கேட்டார்கள்?

கேள்வி: எனக்கு வயது 46. கடலூர் முதுநகரில் இருக்கிறேன். போன வாரம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ராத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது நர்ஸ், "மேமோகிராம் எடுத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டு, அந்த மார்பக எக்ஸ்ரேயை எடுக்கச் சொல்லி ஒரு சீட்டும் தந்தார். மார்பில் எனக்குக் கட்டியோ வலியோ கிடையாது. எதையாவது சந்தேகப்பட்டுத்தான் கேட்டாரா?

பதில்: சந்தேகம் எதுவுமில்லை, உங்கள் வயதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். தனக்கென்று ஆஸ்பத்திரிப் படியேறாத பெண்கள்கூட வாந்தி, காய்ச்சல் என்று அவசரப் பிரிவுக்கு வந்துவிடுகிறார்கள். மயக்கம் தெளிந்து டிரிப்ஸ் ஓடும் அந்த ஒரு மணி நேரம்தான் இதைப் பேசத் தோதான நேரம். வந்தவுடனே கேட்டால் காதில் ஏறாது. வீட்டு ஆண்கள் சுற்றி நிற்கும்போது கேட்டால் பாதிப் பேர் "எடுத்தாச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. கைக்குத் தட்டுப்படாத அளவில் இருக்கும்போதே கண்டுபிடிக்கத்தான் மேமோகிராம். 40 முதல் 74 வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்பது 2024இல் வந்த அமெரிக்கப் பரிந்துரை. நம் நாட்டு அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மார்பைக் கையால் சோதித்துப் பார்ப்பார்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் இருந்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், எந்த வயதில், எத்தனை முறை என்ற கணக்கு மாறும்.

அவசரப் பிரிவில் இந்தப் படம் எடுக்க மாட்டார்கள். சீட்டு கைப்பையிலேயே கிடந்து கசங்கிப்போவதுதான் வழக்கமாக நடப்பது. உடம்பு தேறியதும் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டு அதைக் காட்டுங்கள். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் போனால் வலி குறைவு. நைட்டி வேண்டாம், இடுப்புக்கு மேலே மட்டும் கழற்ற வேண்டும் என்பதால் சேலையோ சுடிதாரோ வசதி. அக்குளில் பவுடர், ரோல்-ஆன் போடாதீர்கள். படத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாக விழும், சில சமயம் புற்றுநோய்க்கு அறிகுறியாக இருக்கும் சுண்ணாம்புப் படிவு மாதிரியே தெரியும். அப்புறம் வீணாக இன்னொரு நடை.

ஒவ்வொரு மார்பையும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக ஒன்று என்று எடுப்பார்கள். சில விநாடி அழுத்தும், வலிக்கத்தான் செய்யும். அழுத்தினால்தான் திசு பரவிப் படம் தெளிவாக விழும், கதிரும் குறைவாகப் போதும். மறுபடி வரச் சொன்னால் பதற வேண்டாம். மார்புத் திசு அடர்த்தியாக இருந்தாலே கூடுதல் படமோ ஸ்கேனோ கேட்பார்கள். அப்படிக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது.

கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, அக்குளில் நெறி கட்டுதல் என்று ஏதாவது இருந்தால் விஷயமே வேறு. மாதவிலக்குக்கெல்லாம் காத்திருக்காமல் நேரே அறுவைச் சிகிச்சை ஓ.பி.க்குப் போங்கள். மேமோகிராம் நார்மல் என்று வந்தாலும், கையில் படும் கட்டியை அதோடு விட்டுவிடக் கூடாது. ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசியால் துளி திசு எடுத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். அந்த ஊசியால் குத்தினால் நோய் பரவும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

படத்தை மடிக்காமல் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.