காணிக்காரர் கதையைச் சுவரில் வரையும் முன்

கேள்வி: பேச்சிப்பாறை போகும் சாலையில் எங்கள் நூலகத்துக்கு நீளமான சுற்றுச்சுவர் இருக்கிறது. உலகம் உண்டானது பற்றி இங்குள்ள மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் சொல்லும் கதையை அதில் வரைய ஆசை. எந்தப் பெயிண்ட் நிற்கும்? (குலசேகரம் வாசகர்)

பதில்: பெயிண்டுக்கு அப்புறம் வருகிறேன். அந்தக் கதையை யாரிடம் கேட்டீர்கள்? காது வழியாக வந்த கதை என்றால் இப்போதே தூரிகையை எடுக்காதீர்கள். காணிக் குடியிருப்புக்குப் போய் ஊர்த் தலைவரான மூட்டுக்காணியையும், பூசையும் வைத்தியமும் பார்க்கும் பிலாத்தியையும் பாருங்கள். கொக்கரை என்பது பல் வெட்டிய இரும்புக் குழல். அதை இரும்புக் கம்பியால் உரசிக்கொண்டே பாடும் சாற்றுப்பாட்டு வழிபாட்டுக்கும் நோய் தீர்க்கவும் உரியது. அதில் வருவதில் எதை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

உருவங்களையும் அவர்களே முதலில் வரைந்து காட்டட்டும். 1971-இல் ஆஸ்திரேலியாவின் பாப்புன்யா ஊரில் பழங்குடிப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தங்கள் தேனெறும்பு ஆதிகதையை வரைந்தார்கள். காப்பா ஜம்பிஜின்பா முதலில் போட்ட எறும்புகள் வெள்ளைக்காரர் வரைவதுபோல இருந்தன. இவை உங்கள் எறும்புகள்தானா என்று ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் கேட்ட பிறகு, அவற்றை அழித்துத் தங்கள் மரபுக் குறிகளைப் போட்டார். நம் ஊரில் என்றால் காலண்டர் சாமி முகம்தான் தானாக வந்து நிற்கும், கவனம். அந்த பாப்புன்யா ஓவியத்தையும் சில வருஷங்களில் பெயிண்ட் அடித்து மூடிவிட்டார்கள். அதனால் சுவருக்கு உரியவர்களிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மேலே வெள்ளையடிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

சரி, சுவர். மறுபக்கம் மண் அணைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு சுவரில் நான் வரைந்தது முதல் மழையிலேயே அப்பளம்போலப் பொரிந்து, உப்புப் பூத்து உதிர்ந்தது. அன்று சுவரைச் சுற்றி வந்து பார்க்காதது என் தப்பு. பழைய சுண்ணாம்பை அடிவரை சுரண்டுங்கள். புதுப் பூச்சு என்றால் ஒரு மாதமாவது காயட்டும். பிறகு வெளிச்சுவர் பிரைமர், அதன்மேல் வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன். காவிச் சிவப்பு, மண் மஞ்சள், கறுப்பு ஆகியவை வெயிலைத் தாங்கும். பளீரென்ற ரோஸ் சீக்கிரம் வெளுத்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனை ஓவியங்களுக்குக் கூரை இருக்கிறது. உங்கள் சுவருக்கு இல்லை. உச்சியில் தண்ணீர் வழிந்தோட ஒரு சரிவு வையுங்கள். சேறு தெறிக்கும் கீழ் ஒன்றரை அடியில் உருவம் வேண்டாம், அடர்நிறப் பட்டை போதும்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தையும் மாசியும்தான் வரைய ஏற்ற மாதங்கள். அதுவரை உள்ள நாட்களில் குடியிருப்பில் உட்கார்ந்து கதை கேளுங்கள்.