ரிச்மண்ட் ஹில்லின் வெள்ளைக் குவிமாடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. இப்போது கனடாவில், ரிச்மண்ட் ஹில்லில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாலையில் நடக்கப் போனால் மரங்களுக்கு மேல் பெரிய வெள்ளைக் குவிமாடம் ஒன்று தெரிகிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வானாய்வகமாக இருந்ததாம். ஊர் வெளிச்சம் கூடிப்போனதால் மூடிவிட்டார்கள் என்கிறான் மகன். அதைக் காப்பாற்றவே இந்த ஊரில் விளக்குச் சட்டம்கூடப் போட்டார்களாம். சட்டம் போட்டும் மூடத்தான் வேண்டும் என்றால் சட்டத்தால் என்ன பயன்? திருநெல்வேலியில் எங்கள் பள்ளி மைதானத்தில் ஹைமாஸ்ட் விளக்கு வந்ததிலிருந்து பிள்ளைகளுக்குக் கார்த்திகை மீன்களைக் காட்டுவதே பெரும்பாடு. அதனால்தான் கேட்கிறேன்.

ச., திருநெல்வேலி

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் சொன்னது பாதி சரி. வெளிச்சம் அந்த ஆய்வகத்தை நோயாளியாக்கியது உண்மை. ஆனால் அதன் உயிர் போனது அதனால் மட்டும் இல்லை.

அதன் பெயர் டேவிட் டன்லப் வானாய்வகம். பேராசிரியர் கிளாரன்ஸ் சாண்ட்டின் நெடுநாள் கனவு. தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த டன்லப் என்ற வழக்கறிஞர் இறந்த பிறகு, அவர் மனைவி ஜெஸ்ஸி கணவர் நினைவாகப் பணம் கொடுத்தார். 1935 மே 31 அன்று, சாண்ட்டின் 70ஆவது பிறந்தநாளில், திறந்தார்கள். 74 அங்குலக் கண்ணாடி. அன்றைக்கு உலகிலேயே இரண்டாவது பெரிய தொலைநோக்கி. நகரத்திலிருந்து 24 கிலோமீட்டர் வடக்கே, சுற்றிலும் வயல். இன்று நீங்கள் நடக்கிற தெருக்கள் எதுவும் அப்போது இல்லை.

நகரம் தெற்கே இருந்ததுதான் சிக்கல். அந்த அட்சரேகையில் கோள்களும் பால்வெளியின் மையப் பகுதியும் தெற்கு வானத்தில்தான் நகரும். பார்க்க வேண்டிய பக்கத்திலேயே டொராண்டோவின் வெளிச்சம் எழுந்து நின்றது. பனிக்காலத்தில் இன்னும் மோசம்: விளக்குக்கு எவ்வளவு மூடி போட்டாலும் தரையில் கிடக்கும் பனி ஒளியை மேலே திருப்பி அனுப்பிவிடும்.

ஆனாலும் அந்த ஆய்வகத்தின் மிகப் பெரிய வேலை இந்த வெளிச்சத்துக்கு நடுவில்தான் நடந்தது. சிக்னஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலத்தின் அருகே ஒரு நீல நட்சத்திரம் இருக்கிறது. ஆய்வகத்தின் வானியலாளர் டாம் போல்டன் 74 அங்குலத் தொலைநோக்கியில் அதன் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். அதில் தெரியும் கோடுகள் ஒரு பக்கம் நகர்ந்து, திரும்பி, 5.6 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்தன. கண்ணுக்குத் தெரியாத, சூரியனைப் போலப் பல மடங்கு கனமான ஏதோ ஒன்று அதைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கருந்துளை என்று பரவலாக ஏற்கப்பட்ட முதல் பொருள் அது. அதே சமயத்தில் பிரிட்டனில் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் மர்டினும் இதே முடிவுக்கு வந்தார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சிக்னஸ் விண்மீன் கூட்டம் அந்த ஊரில் ஏறக்குறைய உச்சிக்கு வரும், அங்கேதான் வானம் கொஞ்சமாவது கறுப்பாக இருக்கும். அதோடு, அக்காலத்துப் பாதரச விளக்கின் ஒளி நிறமாலையில் சில குறிப்பிட்ட கோடுகளாக மட்டுமே விழும். இடம் தெரிந்த அழுக்கு. ஒதுக்கிவிட்டு வேலை பார்க்கலாம்.

பிறகு அதே போல்டன்தான் ஊர் மன்றத்தோடு மல்லுக்கு நின்றார். 1995இல் ரிச்மண்ட் ஹில் சட்டம் போட்டது. வெளி விளக்கின் ஒளி மேலே சிதறக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்துக்கு எல்லைக்கோடு உண்டு, ஒளிக்கு இல்லை. பக்கத்து ஊர்களான மார்க்கம் (Markham), வான் (Vaughan) இரண்டும், டொராண்டோவும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்லவே.

பல்கலைக்கழகமோ அதற்கு வெகு முன்பே வேறு வானம் தேடிப் போய்விட்டது. 1971இலேயே சிலியில் லாஸ் காம்பனாஸ் மலையில் ஒரு தொலைநோக்கி வைத்தார்கள். 1987இல் அவர்களுடைய வானியலாளர் இயன் ஷெல்டன் ஒரு பெரிய சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரத்தை, கண்டது அந்த மலையிலிருந்துதான். இந்தப் பக்கம் ஆய்வகத்தைச் சுற்றி ஏறக்குறைய 190 ஏக்கர் நிலம், அதுவும் டொராண்டோ புறநகரில். 2008இல் 7 கோடி டாலருக்கு விற்றார்கள். அந்தப் பணத்தை வைத்து டன்லப் பெயரிலேயே ஒரு வானியல் நிறுவனம் தொடங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் கருத்து இது: வெளிச்சம் சொல்லிக்கொள்ள வசதியான காரணம், மனை விலை சொல்லிக்கொள்ளாத காரணம். நிறமாலை வேலை இன்னும் சில காலம் அங்கே ஓடியிருக்கும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லிக் வானாய்வகம் வேறு வழியில் போனது. மலையடிவாரத்தில் இருக்கும் சான் ஹோசே நகரம், ஆய்வகத்துக்காகவே தெருக்களில் குறைந்த அழுத்த சோடியம் விளக்குகளைப் போட்டது. அந்த மஞ்சள் ஒளி ஏறக்குறைய ஒரே அலைநீளம். அதை மட்டும் வடிகட்டிவிட்டால் மிச்ச நிறமாலை சுத்தம். வெள்ளை எல்.இ.டி.யில் அது நடக்காது, ஏனென்றால் அது எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கும். நீலம் தூக்கலாக இருந்தால் காற்றில் சிதறலும் அதிகம். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ராலே சிதறலை எத்தனை வருடம் கரும்பலகையில் போட்டிருப்பீர்கள்!

சரி, உங்கள் மைதானம். விளக்கை எடுக்கச் சொல்லி மனு போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், நியாயமும் இல்லை. விளக்கைத் திருப்பச் சொல்லுங்கள். மைதானத்துக்கு வெளியே நூறு அடி தள்ளி நின்று பாருங்கள். பல்பே கண்ணைக் கூசினால் தலைப்பகுதி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகப் போகும் அந்த ஒளிதான் காற்றுக்குள் வெகுதூரம் ஓடி வானத்தைக் கெடுக்கிறது. தலையைத் தரையைப் பார்க்கக் கிடையாக வைத்தால் தரையில் வெளிச்சம் கூடும், குறையாது. விளக்கைப் பராமரிக்கிறவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. அப்புறம், பிள்ளைகளைக் கூட்டிவரும் இரவில் ஒரு மணி நேரம் அணைத்துவைக்கத் தலைமையாசிரியர் சொன்னாலே போதும்.

அந்தக் குவிமாடம் இப்போது ரிச்மண்ட் ஹில் நகராட்சியின் கையில் இருக்கிறது. பொதுமக்களை எப்போது உள்ளே விடுகிறார்கள் என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். போனால் கனமான கோட்டு போட்டுக்கொண்டு போங்கள். வானம் பார்க்கும் இரவில் குவிமாடத்துக்குள் ஹீட்டர் போட மாட்டார்கள். சூடான காற்று மேலே எழுந்தால் நட்சத்திரம் ஆடும்.