வீட்டு விலங்குகளுக்குத் தைராய்டு: பெங்களூர் வாசகர்கள் கேட்டவை

பெங்களூர் அல்சூரில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். இந்த முறை தைராய்டு பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜெயநகர்: டாக்டரம்மா, எங்கள் லேப்ரடாருக்கு ஏழு வயது. எடை ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுக்கும் லேபிலேயே இவனுக்கும் கொடுத்தோம். தைராய்டு ஹார்மோனான டி4 2.1, 'குறைவு' என்று தாளில் போட்டிருக்கிறது. மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பொறுங்கள், வேண்டாம். அந்தத் தாளில் நார்மல் அளவு ஏறக்குறைய 5 முதல் 12 வரை என்று இருக்கும், பாருங்கள். அது மனிதர்களுக்கு. ஆரோக்கியமான நாய்க்கு டெசிலிட்டருக்கு 1 முதல் 4 மைக்ரோகிராம்தான் இருக்கும். உங்கள் பையனுடைய 2.1 அதன் நடுவில் வருகிறது. டி4 என்ற பொருள் நமக்கும் நாய்க்கும் ஒன்றுதான், அளவுதான் வேறு. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் அப்படியில்லை. அது புரதம், இனத்துக்கு இனம் அமைப்பு மாறும். மனிதர்களுக்கான கிட்டில் நாயின் டிஎஸ்ஹெச்சை அளந்து வரும் எண்ணை நம்ப முடியாது. நாய்க்கென்றே உள்ள கிட் வேண்டும்.

அப்புறம், நாய் அளவுப்படியே டி4 குறைந்திருந்தாலும் தைராய்டு நோய் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. தோலில் சீழ், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை என உடம்பு எதற்காகச் சோர்ந்தாலும் டி4 இறங்கும். ஸ்டீராய்டு, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால், சில சல்ஃபா மருந்துகளும் அதை இறக்கும். கிரேஹவுண்ட், சலூக்கி போன்ற ஓட்ட நாய்களுக்கு இயல்பாகவே குறைவு. நம் ஊர் ஓட்ட நாய்களான முதோள், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களும் இதே நிதானத்தோடு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தேவையில்லாமல் ஆயுசு முழுக்க மாத்திரை விழுங்கும் நாய்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை.

நிஜமாகவே சுரப்பு குறைந்த நாய் எப்படி இருக்கும் தெரியுமா? எப்போதும் தூங்கி வழியும். மற்ற நாய்கள் தண்ணென்ற தரை தேடும்போது இது வெயில் தேடிப் படுக்கும். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டும், ஆனால் அரிப்பு இருக்காது. வால் எலிவால் போல மொட்டையாகும். முகத்தோல் தடித்துத் தொங்கி, பார்க்கவே சோகமாக இருக்கும். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும். இவையெல்லாம் இல்லாமல் குண்டாக மட்டும் இருந்தால், முதலில் சாப்பாட்டை அளந்து போடுங்கள். லேப்ரடாருக்குப் பசி அடங்கவே அடங்காது.

கோரமங்களா: தைராய்டு கழுத்தில் எங்கே இருக்கிறது? தொட்டால் தெரியுமா?

தொட்டால் தெரியக் கூடாது தம்பி. நாய்க்கும் பூனைக்கும் மூச்சுக்குழாயின் இரு பக்கமும் தனித்தனியாக இரண்டு மடல்கள், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, தசைக்குள் ஒளிந்திருக்கும். நமக்கு இருப்பதுபோல நடுவில் இணைக்கும் பாலம் அவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது. மாட்டுக்கு அந்தப் பாலம் உண்டு. பன்றிக்கு நடுவிலேயே பெரிய மடல் ஒன்று, மார்புக்கூட்டின் வாசல் பக்கத்தில். பறவைகளுக்குக் கழுத்தில் தேடினால் கிடைக்காது, மார்புக்கூட்டுக்குள் இருக்கும். பெரும்பாலான மீன்களில் சுரப்பி என்று ஒரு கட்டியே இல்லை, அதன் நுண்ணறைகள் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும்.

எந்த விலங்கானாலும் அந்த நுண்ணறையின் அமைப்பு ஒன்றே. சுற்றிலும் ஒரு வரிசை செல்கள், நடுவில் கூழ். மற்ற ஹார்மோன் சுரப்பிகள் கொஞ்சமாகவே சேர்த்துவைக்கும்; இது மட்டும் அயோடினைப் பிடித்துவைத்து, வாரக்கணக்கில் போதுமான ஹார்மோனைக் கூழுக்குள் சேமிக்கும். குதிர் நிறைய நெல் வைத்திருக்கும் வீடு மாதிரி. நான்கு அயோடின் உள்ள டி4தான் அதிகம் வெளியே வரும். உடம்பின் திசுக்கள் அதிலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்ளும். வேலை செய்வது முக்கியமாக அந்த டி3.

1912இல் குடர்நாட்ஷ் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை வளரும் முன்பே குட்டித் தவளைகளாக மாறின. மாணவியாக இதைப் படித்த நாளிலிருந்து இந்தச் சுரப்பி மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இந்திராநகர்: எங்கள் கோல்டன் ரிட்ரீவர் 30 கிலோ. நோய் உறுதியாகி, டி4 மாத்திரை வேளைக்கு 600 மைக்ரோகிராம், தினம் இரண்டு வேளை என்று எழுதியிருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தரமாட்டேன் என்கிறார். என் மாமியாரே 100தான் சாப்பிடுகிறார்!

அவர் தயங்கியது நியாயம், மனிதக் கணக்கில் அது பயங்கரமான அளவு. ஆனால் உங்கள் டாக்டர் எழுதியது சரி. நாய்க்குத் தொடக்க அளவு ஒரு வேளைக்கே கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், மனிதர்களுக்கு ஒரு நாளைக்கே 1.6 போல. நாயின் குடல் இந்த மருந்தைக் குறைவாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சியதும் சீக்கிரம் வெளியேறிவிடும்: நம் ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும், நாய்க்கு ஒரு நாள்கூட ஆகாது. சீட்டில் 'நாய்க்கு' என்றும் எடையையும் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு கொடுத்தால் உறிஞ்சுவது இன்னும் குறையும். வெறும் வயிற்றிலோ சாப்பாட்டோடோ, தினமும் ஒரே மாதிரி கொடுங்கள். திரும்ப ரத்தம் பார்க்கும்போது மாத்திரை கொடுத்து 4 முதல் 6 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும்.

மல்லேஸ்வரம்: பூனைக்கு 13 வயது. ராட்சசப் பசி, ஆனால் எலும்பும் தோலுமாகிவிட்டது. ராத்திரியெல்லாம் கத்துகிறது.

அம்மா, இந்த வாரமே காட்டுங்கள். நாய்க்குச் சுரப்பு குறைவதுதான் வழக்கம், பூனைக்கு நேரெதிர். வயதான பூனையில் மடல்கள் வீங்கி, அளவில்லாமல் சுரக்கும். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, ஆனால் இதயத்தைப் பிழிந்துவிடும். மெத்திமசோல் அல்லது கார்பிமசோல் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். சிகிச்சை தொடங்கியதும் சிறுநீரகத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகச் சுரப்பு சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, அங்கே இருக்கும் பழுதை மறைத்து வைத்திருக்கும். அறுவை சிகிச்சை என்றால், தைராய்டை ஒட்டியே இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளைக் காப்பாற்றத் தெரிந்த கை வேண்டும். அவை போனால் ரத்தத்தில் கால்சியம் விழுந்து வலிப்பு வரும்.

ஃப்ரேசர் டவுன்: கசாப்புக் கடையில் மாட்டுத் தொண்டைப் பகுதி மலிவாகக் கிடைக்கிறது. நாய்க்குத் தினமும் பச்சையாகப் போடுகிறேன். தப்பா?

நிறுத்திவிடுங்கள் சார். அதில் மாட்டின் தைராய்டும் சேர்ந்து வரலாம். தினமும் தின்றால் நாய்க்கு வெளியிலிருந்தே ஹார்மோன் ஏறி, படபடப்பும் இளைப்பும் தாகமும் வரும். வேக வைத்தாலும் அந்த ஹார்மோன் அழியாது. மனிதர்களுக்கே நடந்திருக்கிறது: 1984-85இல் அமெரிக்காவின் மினசோட்டா பக்கம், தொண்டைக்கறி கலந்த மாட்டிறைச்சியைச் சமைத்துச் சாப்பிட்ட பலருக்குத் தைராய்டு ஹார்மோன் மிகுந்துபோனது. அந்தத் தீனியை நிறுத்தினாலே நாய் சில வாரங்களில் தேறிவிடும்.

எலக்ட்ரானிக் சிட்டி: ஓசூர் பக்கம் அண்ணன் ஆடு வளர்க்கிறார். சவுண்டல் (சுபாபுல்) தழை போட்டால் கழுத்தில் கழலை வருமா?

வரலாம். சவுண்டலில் உள்ள மிமோசின் வயிற்றில் சிதைந்து, தைராய்டைத் தடுக்கும் பொருளாக மாறும். அதையும் அழிக்கும் நுண்ணுயிர் சில ஆடுகளின் வயிற்றில் உண்டு. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி அதை ஹவாய் ஆடுகளில் கண்டு, ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொண்டுபோனார். அண்ணனிடம் சொல்லுங்கள்: சவுண்டலை மட்டுமே போட வேண்டாம், மற்ற தழைகளோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கட்டும். குட்டிகள் முடியில்லாமல் பிறந்தால் அயோடின் பற்றாக்குறையையும் சந்தேகிக்க வேண்டும்.

மறுபடி இந்திராநகர்: மாத்திரை கிடைத்துவிட்டது, நன்றி. மூன்று வாரமாகிறது. ஆள் சுறுசுறுப்பாகிவிட்டான், ஆனால் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறதே?

பயப்படாதீர்கள். சுறுசுறுப்புதான் முதலில் திரும்பும். உறங்கிக் கிடந்த முடிக்கால்கள் இப்போதுதான் விழிக்கின்றன, புது முடி கீழிருந்து தள்ளும்போது பழையது உதிரும். முழுசாக வளர நாலைந்து மாதம் ஆகும். தினமும் சீப்பு போட்டு வாரிவிடுங்கள்.